இரண்டு சுரமும் சுத்தமாக வேண்டும்: தொலைபேசி ஒலிகளுக்கு எந்த வீட்டுக் கணினி?

1980களின் கமடோர் 64 கணினி ஒன்றைத் தேடிப் பிடிக்கலாமா, பழைய பி.சி.யில் ஆட்லிப் ஒலிக் கார்டு செருகலாமா, இல்லை கையில் இருக்கும் லேப்டாப்பே போதுமா? கணினியை வைத்துத் தொலைபேசி ஒலிகளை உண்டாக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இவற்றில் சிலவற்றை அசல் கருவியிலும், மற்றவற்றை எமுலேட்டரிலும் (பழைய கணினி போலவே நடிக்கும் மென்பொருள்) ஓட்டி, எல்லாவற்றையும் ஒரே டீகோடர் சிப்பில், அதாவது ஒலியைக் கேட்டு எண்ணைச் சொல்லும் சிப்பில், சோதித்திருக்கிறேன். எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் வேலை செய்யும். ஆனால் எது எதற்குப் பொருந்தும் என்று தெரியாமல் இறங்கினால் ஒரு வாரம் போய்விடும். தெரிந்து இறங்கினால் ஒரு சாயங்காலம் போதும்.

முதலில் நமக்கு என்ன ஒலி வேண்டும் என்று பார்த்துவிடலாம். தொலைபேசியில் 5ஐ அழுத்தும்போது 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கின்றன. வரிசைக்கு ஓர் அதிர்வெண், நெடுவரிசைக்கு ஒன்று: 697, 770, 852, 941 ஒரு பக்கம், 1209, 1336, 1477, 1633 மறுபக்கம். இதுதான் டி.டி.எம்.எஃப். அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனம் 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியாவின் கார்னகி, கிரீன்ஸ்பர்க் ஊர்களில் இதைச் சந்தாதாரர்களுக்குக் கொண்டுவந்தது. எண்கள் இப்படி விநோதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்றின் மடங்கு இன்னொன்றாகவோ, இரண்டின் கூட்டலோ கழித்தலோ மூன்றாவதாகவோ வந்துவிடாதபடி தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒலி கொஞ்சம் சிதைந்தாலும் 5 இன்னொரு எண்ணாகக் கேட்காது.

இன்னொரு குடும்பம் எம்.எஃப். இது எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் பேசிக்கொண்ட மொழி. 700, 900, 1100, 1300, 1500, 1700 என்ற ஆறில் ஒரு நேரத்தில் இரண்டு. எண்வரிசை தொடங்குகிறது என்று சொல்ல 1100ம் 1700ம், முடிந்தது என்று சொல்ல 1500ம் 1700ம். இதோடு, நெடுந்தொலைவு இணைப்பு காலியாக இருப்பதைக் காட்டும் 2600 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலி. அமெரிக்காவில் பேச்சு போகும் அதே கம்பியில் இந்த ஒலிகளும் போனதால்தான், ஜோ எங்கிரேசியா என்ற பார்வையற்ற இளைஞரால் வெறும் விசிலாலேயே 2600ஐப் பிடித்து இணைப்பைத் துண்டிக்க முடிந்தது. இந்த ஒலிகளைப் போலியாக உண்டாக்கிக் காசில்லாமல் பேச உதவிய 'ப்ளூ பாக்ஸ்' என்ற சிறு பெட்டிகள் பிறந்ததும் அதனால்தான். முதலில் வந்தவை அனலாக் ஆஸிலேட்டர்களால் ஆனவை. வெப்பநிலை மாறினால் சுருதி நகர்ந்துவிடும். 1970களின் தொடக்கத்தில் ஸ்டீவ் வாஸ்னியாக், நிலையாகத் துடிக்கும் படிகத்திலிருந்து எண்ணிப் பிரித்து ஒலி தரும் டிஜிட்டல் பெட்டியைச் செய்தார். அதைச் சொல்வதற்குக் காரணம், நாம் பார்க்கப்போகும் எல்லா வீட்டுக் கணினியும் அதுபோலப் படிகக் கடிகாரத்தை வைத்துத்தான் ஒலி தருகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டிகளால் ஏமாற்றிப் பேசியது அன்றும் குற்றம். இன்று அது நடக்கவும் நடக்காது. ஏ.டி. அண்ட் டி. 1976இலேயே சமிக்ஞையைப் பேச்சுப் பாதையிலிருந்து பிரித்துத் தனி வழியில் அனுப்பத் தொடங்கிவிட்டது. அமெரிக்கப் பெருநிலத்தில் கடைசியாக 2600ஐக் கேட்டு நடந்த இணைப்பு, மினசோட்டாவின் வாவீனா என்ற சிற்றூருடையது. அதுவும் 2006 ஜூனில் மாற்றப்பட்டது. ஆகவே நாம் பேசுவது முழுக்க மேசை மேல் நடக்கும் வேலை. ஒரு பக்கம் கணினி, மறுபக்கம் டீகோடர். நடுவில் பொதுத் தொலைபேசி லைன் கிடையாது.

டீகோடருக்கு எம்.டி. 8870 சிப்பை வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் பொத்தானை அழுத்தி ஓட்டும் சிறு வண்டியைப் பொறியியல் கல்லூரி புராஜெக்டாகச் செய்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தவே வேண்டாம். நம் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் போர்டாகவே கிடைக்கும். 5 வோல்ட், ஒரு படிகம், உள்ளீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, ஒலியின் நேரத்தை அளக்க இன்னொரு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் 300 கிலோ ஓம் ரெசிஸ்டரும், வெளியீட்டில் நான்கு எல்.இ.டி. அவ்வளவுதான். 5 சரியாக வந்தால் இரும எண் 0101 எரியும். 0ஐ அழுத்தினால் 1010, அதாவது பத்து எரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சரியாகத்தான் இருக்கிறது.

இந்தச் சிப் அதிர்வெண்ணில் 1.5 சதவீத விலகல் வரை கட்டாயம் ஏற்கும், 3.5 சதவீதத்தைத் தாண்டினால் நிராகரிக்கும். நடுவில் உள்ளது அதிர்ஷ்டம். பொதுவான வழக்கில் ஒலி குறைந்தது 40 மில்லிசெகண்ட் நீடிக்க வேண்டும். சோதனைக்கு 100 ஒலி, 100 அமைதி என்று வைத்தால் நிம்மதி.

இப்போது ஒரு கணக்கு. பலரும் பழைய சிப்புகளைத் துல்லியத்தை வைத்து ஒப்பிடுகிறார்கள். நான் அதை முதல் அளவுகோலாக வைக்க மாட்டேன். மிகவும் கரடுமுரடான பிரிப்பான் கொண்ட ஆம்ஸ்ட்ராட் சி.பி.சி.யையே எடுத்துக்கொள்வோம். அதன் ஒலிச் சிப் 62,500ஐ ஒரு முழு எண்ணால் வகுத்துத்தான் சுரம் தரும். 1477க்கு 42ஆல் வகுத்தால் 1488 வரும். விலகல் 0.75 சதவீதம். அதன் மோசமான கணக்கே இவ்வளவுதான், டீகோடருக்கு இது பொருட்டே இல்லை. படிகம் இருக்கும் வரை துல்லியம் எல்லாக் கணினியிலும் போதுமான அளவு உண்டு. வித்தியாசம் வருவது வேறு இடத்தில்: இரண்டு சுரத்தை ஒரே நேரத்தில் தர முடியுமா, தந்தால் அவற்றோடு வேண்டாத சுரங்களும் சேர்ந்து வருமா?

இந்தக் கேள்வியோடு பி.சி.யின் உள் ஸ்பீக்கரைப் பார்த்தால் பதில் உடனே தெரியும். 1981இன் முதல் ஐ.பி.எம். பி.சி.யிலிருந்து வருகிற அந்தச் சிறு ஸ்பீக்கருக்கு உள்ளே, வெளியே என்று இரண்டே நிலை. ஒரு நேரத்தில் ஒரு சதுர அலை. 2600ஐத் தனியாக ஒலிக்க அது போதும், இரட்டைச் சுரத்துக்குப் போதாது. இரண்டையும் மாற்றி மாற்றி வேகமாக ஒலித்தால் காது ஏமாறும், டீகோடர் ஏமாறாது. இரண்டு சதுர அலைகளை எக்ஸ்-ஆர் செய்து (இரண்டும் வேறுபடும்போது மட்டும் 1 என்று வைத்து) அனுப்பலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டால், எக்ஸ்-ஆர் என்பது இரண்டையும் பெருக்குவதற்குச் சமம். வெளியே வருவது கூட்டலும் கழித்தலும். 770ம் இல்லை, 1336ம் இல்லை. 48கே ஸ்பெக்ட்ரமின் பீப்பருக்கும் ஆப்பிள் 2இன் ஸ்பீக்கருக்கும் இதே கதைதான்.

வழியே இல்லையா என்றால், உண்டு. பி.சி.யின் டைமர் விநாடிக்கு 11,93,182 முறை துடிக்கிறது. அதை 64 துடிப்புக் கூறுகளாக வெட்டி, ஒவ்வொரு கூறிலும் ஸ்பீக்கர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை மாற்றினால், விநாடிக்குச் சுமார் 18,600 சாம்பிள்கள் (அலையின் உயரத்தைச் சொல்லும் எண்கள்), 64 நிலைகள் கிடைக்கும். இது 6 பிட் ஒலி. தொலைபேசிக்குத் தாராளம். ஆனால் டாஸில், பிராசசர் வேறெதையும் பார்க்காமல், அசெம்பிளியில் எழுத வேண்டும். எழுதி முடித்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன், உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்த படி, மூன்று குரல், அதாவது ஒரே நேரத்தில் மூன்று சுரம், தரும் சதுர அலைச் சிப்புகள். ஸ்பெக்ட்ரம் 128, அடாரி எஸ்.டி., ஆம்ஸ்ட்ராட், எம்.எஸ்.எக்ஸ். எல்லாவற்றிலும் ஒரே ஏ.ஒய். ஒலிச் சிப் குடும்பம். பி.பி.சி. மைக்ரோவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் 76489. 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது பி.பி.சி. மைக்ரோதான். அந்த ஆய்வகத்தில் படித்தவர்களுக்கு இது இனிய நினைவாக இருக்கலாம். இவற்றில் இரண்டு குரல் உண்மையாகவே ஒரே நேரத்தில் ஒலிக்கும். குறை, சதுர அலை. சதுர அலையோடு மூன்றாவது மேற்சுரம் (அடிப்படைச் சுரத்தின் மூன்று மடங்கு அதிர்வெண்) மூன்றில் ஒரு பங்கு வலிமையில், சுமார் 9.5 டெசிபெல் மட்டுமே குறைந்து, கூடவே வரும். 697இன் மூன்று மடங்கு 2091. தொலைபேசிப் பாதை 300இலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரை விடும் என்பதால் அது வடிகட்டப்படாமல் உள்ளே வந்துவிடும். 8870க்குள் நல்ல வடிகட்டி இருப்பதால் என் மேசையில் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. ஆனால் 'இது மனிதக் குரலா, சமிக்ஞையா' என்று கறாராகப் பார்க்கும் மென்பொருள் டீகோடர்கள், வேண்டாத சுரத்தைக் கண்டதும் மறுத்துவிடுகின்றன. வெளியீட்டில் ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் வைத்து மேல்ஒலியைக் குறைத்தால் நிலைமை மாறும்.

கமடோர் 64இன் சிட் என்ற ஒலிச் சிப்புக்குத் தனி இடம். 1982இல் வந்த கணினி. சிப்பை வடிவமைத்த பாப் யானஸ் அதை ஓர் இசைக்கருவியாகவே நினைத்துச் செய்தார், அது கேட்டாலே தெரியும். மூன்று குரல், அதில் முக்கோண அலை உண்டு. முக்கோணத்தில் மூன்றாவது மேற்சுரம் ஒன்பதில் ஒரு பங்குதான், 19 டெசிபெல் கீழே. சுருதிப் படியோ சுமார் 0.06 ஹெர்ட்ஸ்தான். இவ்வளவையும் பேசிக் என்ற எளிய நிரல் மொழியிலேயே செய்யலாம் என்பதுதான் எனக்கு இதன் மேல் உள்ள பிரியத்துக்குக் காரணம்.

5 என்ற பொத்தானை மட்டும் முழுதாகக் காட்டுகிறேன். கமடோர் 64இல் ஐரோப்பிய டிவி முறைக்கான 'பால்' வகையும் அமெரிக்க முறைக்கான 'என்.டி.எஸ்.சி.' வகையும் உண்டு. பால் வகைக் கணினியின் கடிகாரம் 9,85,248 ஹெர்ட்ஸ். 1,67,77,216ஐ அதனால் வகுத்தால் 17.028. இதை அதிர்வெண்ணால் பெருக்கினால் சிட் கேட்கும் எண் கிடைக்கும். 770க்கு 13112, 1336க்கு 22750. முதல் எண்ணை 256ஆல் வகுத்தால் ஈவு 51, மீதி 56. எனவே 54272 என்ற முகவரியில் 56, 54273இல் 51. இரண்டாவது குரலுக்கு 54279இல் 222, 54280இல் 88. 54278, 54285 இரண்டிலும் 240 போட்டால் ஒலி முழு அளவில் நிற்கும். 54296இல் 15, அது மொத்தச் சத்தம். கடைசியாக 54276, 54283 இரண்டிலும் 17. முக்கோண அலை தொடங்கும். அதே இரண்டிலும் 16 போட்டால் நிற்கும். ஒரு முகவரியில் எண்ணை எழுதும் 'போக்' கட்டளை தெரிந்தால் போதும், ஐந்து நிமிட வேலை.

நான் ஒரு சாயங்காலம் முழுவதையும் தொலைத்ததும் இதே இடத்தில்தான். அமெரிக்க நிரல் ஒன்றிலிருந்து எண்களை அப்படியே எடுத்துப் போட்டேன். காதுக்குத் தொலைபேசி போலவே கேட்டது. எல்.இ.டி. ஒன்றும் எரியவில்லை. கம்பி, மின்சாரம், சாலிடர் என்று எல்லாவற்றையும் பிரித்துச் சேர்த்தேன். பிறகுதான் உறைத்தது. அமெரிக்க வகையின் கடிகாரம் 10,22,727 ஹெர்ட்ஸ். அந்த எண்களைப் பால் கணினியில் போட்டால் எல்லாச் சுரமும் 3.7 சதவீதம் இறங்கிவிடும். 770 என்பது 742 ஆகும். டீகோடரின் நிராகரிப்பு எல்லை 3.5. இரண்டு சுரமும் சேர்ந்தே இறங்குவதால் காது கண்டுபிடிக்காது, அரைக் கட்டை கூட இறங்கவில்லையே. எமுலேட்டரில் செய்கிறவர்களுக்கும் இதே பொறி காத்திருக்கிறது. பாலா, என்.டி.எஸ்.சி.யா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கணக்குப் போடுங்கள்.

அமிகாவில் ஒலி சாம்பிளாக வருகிறது, ஆகவே உண்மையான சைன் அலையே சாத்தியம். 16 பைட்டில் ஒரு சுற்று சைன் வரைந்து, அதைச் சுற்றவிட்டு, வேகத்தை மட்டும் மாற்றினால் சுரம் மாறும். 1633க்குக் காலஅளவு 136 போட்டால் பால் அமிகாவில் 1630 வரும். போதும். அமிகா 500இன் ஆடியோ பாதையில் 3.3 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு வடிகட்டி உண்டு. பவர் விளக்கு பிரகாசமாக இருந்தால் அது இயங்குகிறது என்று பொருள். இசை செய்பவர்கள் அதை அணைத்துவிடுவார்கள். நமக்கு அது வரம். தொலைபேசிப் பாதையின் எல்லையும் ஏறக்குறைய அதேதானே. ஆனால் ஒன்று: அமிகாவின் நான்கு சேனல்களில் 0ம் 3ம் இடப்பக்கம், 1ம் 2ம் வலப்பக்கம். 0இலும் 1இலும் சுரங்களைப் போட்டுவிட்டு ஒற்றைக் கம்பியை இழுத்தால் பாதி எண்தான் போகும். 0, 3 என்று ஒரே பக்கமாகப் போடுங்கள்.

பழைய கருவிகளில் எனக்கு முதலிடம் ஆட்லிப்தான். 1987இல் வந்த கார்டு. உள்ளே யமஹாவின் ஒய்.எம். 3812. எஃப்.எம். இசைக்காகச் செய்த சிப் என்பதால் அதன் அடிப்படை அலையே சைன். ஒவ்வொரு குரலிலும் இரண்டு ஆபரேட்டர்கள், அதாவது சைன் அலை உண்டாக்கும் பகுதிகள். ஒன்று மற்றொன்றை அசைத்துத்தான் கித்தார், மணி, தாளம் எல்லாம் வரும். அசைக்கிற ஆபரேட்டரின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டால் மிஞ்சுவது சுத்தமான ஒற்றைச் சைன். இப்படி ஒன்பது குரல் உண்டு, நமக்கு இரண்டு போதும். 697 கேட்டால் 697.2 கிடைக்கும். 1209 கேட்டால் 1209.2. பிராசசருக்கு வேலையே இல்லை. ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு நேரத்தை எண்ணினால் போதும். மேற்சுரம் இல்லை, இரண்டும் சிப்புக்குள்ளேயே நேராகக் கூட்டப்படுவதால் கலப்படச் சுரமும் இல்லை. விளையாட்டுகளுக்கு இசை போட வந்த கார்டு, தொலைபேசி ஒலிக்கென்றே செய்தது போல அமைந்துவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம். ஆட்லிப்பின் சிப் ஓடும் கடிகாரம் 35,79,545 ஹெர்ட்ஸ். 8870 டீகோடரில் நாம் மாட்டும் படிகமும் அதே 35,79,545. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக லட்சக்கணக்கில் தயாரானதால் மலிந்துபோன படிகம் அது. பி.சி.யின் ஸ்பீக்கர் டைமர் துடிப்பும் அதன் மூன்றில் ஒரு பங்குதான். ஒலி உண்டாக்குகிற இடத்திலும் கேட்கிற இடத்திலும் ஒரே அடிச்சுருதி.

1989இன் சவுண்ட் பிளாஸ்டரில் இதே யமஹா சிப்பும் உண்டு, கூடவே 8 பிட் சாம்பிள் ஒலியும் உண்டு. ஆகவே ஆட்லிப் கிடைக்காவிட்டால் இதை வாங்கினால் இரண்டு வழியும் கிடைக்கும். சாம்பிள் வழியில் போனால் விநாடிக்கு 8000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி உலகமே 8000இல்தான் ஓடுகிறது, கார்டின் கணக்கிலும் அது மீதியில்லாமல் வகுபடுகிறது. இரண்டு சைனையும் கூட்டும்போது ஒவ்வொன்றும் பாதி உயரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முகடு வெட்டுப்படும், வெட்டுப்பட்ட இடத்திலிருந்து புதுச் சுரங்கள் முளைக்கும். கார்டே கிடைக்காதவர்கள், பிரிண்டர் போர்ட்டில் ரெசிஸ்டர்களை ஏணி போலக் கோத்துச் செய்யும் கோவாக்ஸ் வகைக் கருவியை ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். அதுவும் 8 பிட்தான்.

லேப்டாப்? ஒலித் தரத்தில் மேலே சொன்ன எதுவும் அருகில் வர முடியாது. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் டி.டி.எம்.எஃப். ஒலி உண்டாக்கும் கட்டளையே இருக்கிறது. எண்ணை அடித்தால் கோப்பு தயார். கெடுப்பவை எல்லாம் 'ஒலியை மேம்படுத்தும்' வசதிகள்தான். ஈக்வலைசர், பாஸ் கூட்டல், இரைச்சல் நீக்கம் எல்லாவற்றையும் அணையுங்கள். நிலையாக ஒலிக்கும் சுரத்தை இரைச்சல் நீக்கி 'மின்விசிறிச் சத்தம்' என்று நினைத்துக் கரைத்துவிடும். வாட்ஸ்அப் அழைப்பு வழியாகவோ செல்போன் வழியாகவோ ஒலியைக் கடத்திச் சோதிக்கவும் வேண்டாம். பேச்சுக்காகச் சுருக்கும் முறை சுரங்களைச் சிதைக்கும். அதனால்தான் இணையத் தொலைபேசியில் எண்களை ஒலியாக அல்லாமல் தனிச் செய்தியாக அனுப்ப வழி வைத்திருக்கிறார்கள்.

எதை எடுத்தாலும் இணைப்பு விஷயத்தில் கவனம் வேண்டும். ஸ்பீக்கரைத் தொலைபேசி ரிசீவரின் வாயில் வைத்து ஒலிப்பது படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பழைய ரிசீவரில் இருப்பது கரி மைக். அதுவே ஒலியை வளைக்கும். சிறு ஸ்பீக்கரோ தாழ்சுரத்தைக் குறைத்துத் தரும். அதனால் இரண்டு சுரத்தின் வலிமையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். லைன் அவுட்டிலிருந்து நேராக டீகோடருக்குக் கம்பி இழுங்கள். பழைய போன் கருவியையும் சேர்த்துப் பார்க்க ஆசை என்றால், பேட்டரியும் 600 ஓம் டிரான்ஸ்பார்மரும் வைத்து மேசையிலேயே தனி லைன் செய்துகொள்ளுங்கள். வீட்டு லேண்ட்லைனில் செருக வேண்டாம். சும்மா இருக்கும்போதே அதில் 48 வோல்ட், மணி அடித்தால் 75க்கு மேல் மாறுமின்னழுத்தம். கார்டும் போகும், கையும் அதிரும்.

எம்.எஃப். ஒலிகளுக்கு 8870 உதவாது, அது டி.டி.எம்.எஃப். மட்டுமே கேட்கும். ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் மென்பொருளில் எம்.எஃப். ஒலியைப் பெறும் வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் கெர்ட்சல் வழிமுறையில் ஆறு அதிர்வெண்களையும் அளக்கும் சிறு நிரலை நீங்களே எழுதலாம். நூறு வரிக்குள் முடியும்.

சரி, எதை எடுப்பது? டீகோடர் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு லேப்டாப். அதைத்தான் எப்போதும் முதலில் செய்ய வேண்டும். ஏனென்றால் சந்தேகமில்லாத ஒலி ஒன்று கையில் இருந்தால், பிறகு வரும் எல்லாக் கோளாறும் கணினிப் பக்கத்துக் கோளாறு என்று உறுதியாகத் தெரியும். மாணவர்களுக்கோ வீட்டுப் பிள்ளைகளுக்கோ காட்டிச் சொல்லித்தரக் கமடோர் 64. அசல் நம் ஊரில் கிடைப்பது அரிது, வைஸ் எமுலேட்டரே போதும். அசல் இரும்பு வேண்டும், ஒலியும் சுத்தமாக வேண்டும் என்றால் ஐ.எஸ்.ஏ. செருகுவாய் உள்ள பழைய பி.சி.யும் யமஹா சிப் உள்ள ஏதாவது ஒரு கார்டும். பெட்டியில் ஆட்லிப் என்று எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் காலத்தில் 'ஆட்லிப் கம்பாட்டிபிள்' என்று வந்த கார்டுகளில் பலவற்றில் அதே யமஹா சிப்தான். வாங்கும்போது கார்டைத் திருப்பி, சிப்பின் மேல் 3812 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். சில கார்டுகளில் அதன் அடுத்த தலைமுறையான ஒய்.எம்.எஃப். 262 இருக்கும், அதுவும் நமக்குச் சம்மதமே. அடாரியோ ஸ்பெக்ட்ரமோ ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதிலேயே தொடங்குங்கள், இதற்காகவென்று புதிதாக வாங்க வேண்டியதில்லை.